டோக்கன் நாற்பத்தொன்று

வண்ணார்பேட்டையில்
டயர் கடைக்கு மேல்மாடி எங்கள் ஆபீஸ்.
லாரிக்குக் காற்றடிக்கும்போதெல்லாம்
மேஜையில் டீ நடுங்கும்.
அந்த நடுக்கத்தில்தான்
ஹைகிரவுண்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு
ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

நோயாளி என்றொரு கிளாஸ்.
பெயர், வயது, டோக்கன் எண்
இதெல்லாம் வெளியே கிடக்கலாம்.
மைக்கில் கூப்பிட வேண்டுமே.
முடிவு மட்டும்
உள்ளே இருக்க வேண்டும்.

முதலில் அதன் தலைமாட்டில்
ஒரு அடிக்கோடு போட்டேன்.
பழைய ஆட்கள் அப்படித்தான் செய்தார்கள்.
இது என்னுடையது, தொடாதே என்று அர்த்தம்.
பாபநாசம் பஸ்ஸில்
ஜன்னல் வழியே சீட்டில் துண்டு போடுகிற மாதிரி.
துண்டை மதிக்கிறவனுக்குத்தான் துண்டு.

சிவனணைந்தான் மதிக்கவில்லை.
பக்கத்து மேஜைக்காரன், கெட்டவன் இல்லை.
தன் கோப்பிலிருந்து ஒரு புள்ளி வைத்தான்,
புள்ளிக்குப் பின் அடிக்கோடு,
அடிக்கோட்டுக்குப் பின் முடிவு.
திரையில் வந்து விழுந்தது.
'ஏளா, என்னத்த மூடி வச்சே நீ?
கதவே இல்லாத வீட்டுக்கு
சாக்பீஸ்ல கோடு கிழிச்சிருக்க!'
சோதனைக்காக நான் போட்டிருந்த பேர்களில்
பாதி என் தெருக்காரர்கள்.
ஆவுடைத்தங்கத்துக்குச் சர்க்கரை முந்நூறு என்று
அவன் உரக்க வாசித்தபோது
பொய்க்கணக்கு என்று தெரிந்தும்
எனக்குக் கூசியது.

அடிக்கோட்டை அழித்தேன்.
அந்த இடத்தில் #.
ரெண்டு நெடுக்கு, ரெண்டு குறுக்கு:
ஜன்னல் கம்பி.
மறுபடி கைநீட்டினான்.
இல்லை என்றுகூடச் சொல்லவில்லை அது.
உன் வாக்கியமே பிழை என்று
அவன் நிரல் புறப்படவே இல்லை.
சரி, என்னென்ன இருக்கிறது
என்று பட்டியல் கேட்டான்.
பெயர் வந்தது, வயது வந்தது, டோக்கன் வந்தது.
நாலாவதாக ஒன்று உண்டு என்கிற
வாசனைகூட வரவில்லை.

இப்படி ஒரு பதில் சொல்ல வாய்த்தால்
சமாதானபுரத்தில் குடியிருப்பது
எவ்வளவு சுலபம்.
'என்ன விசேஷம்?'
'ஏன் இப்படி மெலிஞ்சிட்ட?'
'லீவு போட்டியாமே?'
ஒவ்வொன்றும் ஒரு புள்ளி.
வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை.
ஒரே கிளாஸில் பிறந்த இரண்டு பேர்,
கிளாஸுக்குள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்,
ஒருவர் கம்பிக்குள் இன்னொருவர் பார்க்கலாம்.
வெளியாளுக்குத்தான் தடை.
ஓட்டை என்று நினைத்துத் தேடித் தேடிப் படித்தேன்.
ஓட்டை இல்லை, வேண்டுமென்றே வைத்தது.
முன்பின் தெரியாத ஒரு நோயாளி
இன்னொரு நோயாளியின் முடிவை எதற்கு...
சிவனணைந்தானும் உதட்டைப் பிதுக்கினான்.

வியாழக்கிழமை நான் எழுதிய நிரல்
என்னையே மைக்கில் கூப்பிட்டது.
'டோக்கன் நாற்பத்தொன்று. செல்லக்கனி. முப்பத்தாறு.'
கூடம் முழுக்கக் கேட்டது.
காகிதம் மட்டும் மடித்து, பின் அடித்து வந்தது.
மின்விசிறிக்குக் கீழே நின்று பிரித்தேன்.
மறுபடி மடித்தேன்,
இருந்த மடிப்பிலேயே.

சுவரோரம் டோக்கன் நாற்பது உட்கார்ந்திருந்தாள்.
செருப்பில் தேரி மண்.
சாத்தான்குளம் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்திருப்பாள்.
அவள் கையிலும் அதே மடிப்பு.
ஒன்றும் கேட்கவில்லை.
என் கையைப் பார்த்தாள்,
பிறகு முகத்தை.
பக்கத்து நாற்காலியில் போட்டிருந்த
தன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
உட்கார்ந்தேன்.

சிவனணைந்தான் போன் அடித்தான்.
'அங்கன நல்லா ஓடுதா?'
'ஓடுது.'
'உனக்கு என்ன வந்துச்சு?'
அவன் பக்கம்
லாரிக்குக் காற்றடிக்கிற சத்தம்.
'நாப்பத்தொன்னு' என்றேன்.