புள்ளிக்கணக்கு

நாடாவின் வளைய முனை எப்போதும் என் கையில்.
சுருள் உள்ள முனை
உதவிப் பொறியாளர் ஜெபராணி கையில்.
அவர் இழுப்பார், நான் நிற்பேன்.
அவர் எண்ணைச் சொல்வார், நான் எழுதமாட்டேன்.
எழுதுவதற்குச் சம்பளம் வேறு ஆளுக்கு.

காரைக்குடி நகரின் நடுவே
பன்னிரண்டாயிரம் இருக்கையோடு ஒரு விளையாட்டரங்கம்.
கருத்துரு எண் முப்பத்தேழு.
இடம்: திங்கட்கிழமை சந்தை கூடும் பொட்டல்,
வடக்கே ஊருணிக் கரை,
தெற்கே வெ.நா.சோ. வீட்டின் பின்கட்டு.

கணினிப் படத்தில் புல் பச்சையாக இருந்தது,
இந்தச் செம்மண்ணை ஒரு வார்த்தை கேட்காமல்.
படத்தில் கைதட்டிக்கொண்டிருந்த ஒருவர்கூட
எங்கள் வெயிலுக்கு இமை சுருக்கவில்லை.

நீள்வட்டம், எட்டுத் தடம்.
தெற்கு வளைவில் இடித்தது.
பதினான்கு மீட்டர் பற்றாக்குறை.
அந்தப் பதினான்கு மீட்டரில் ஒரு கிணறு,
இரண்டு நெல்லி மரம், பூட்டிய மோட்டார் அறை,
பங்காளிகள் நாற்பத்தொரு புள்ளி.

ஆலோசகர் வெளியூர்க்காரர். கேட்டார்:
"புள்ளின்னா ஸ்கோரா?"
சிரித்துவிட்டுச் சொன்னோம்,
கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி சார்,
கோயில் வரி வசூலிப்பதே அப்படித்தான்.
ஒரு புள்ளி ஈப்போவில், ஒரு புள்ளி டல்லாஸில்,
இரண்டு புள்ளி ஒன்றோடொன்று பேசுவதில்லை.
அத்தனையும் கையெழுத்திட வேண்டும்.
ஆடி முடிவில் ஸ்கோர்
முப்பத்தெட்டுக்கு மூன்று.

எனக்கு நானூறு மீட்டர் தெரியும்.
நாடா வேண்டாம்.
மாவட்டத்தில் மூன்றாவதாக வந்த வருஷம்
கல்லூரிச் சாலையில் விடிகாலை நாலரைக்கு ஓடுவேன்,
பால்வண்டிக்கும் திருச்சி பஸ்ஸுக்கும் இடையில்.
தார் என் முழங்காலை எண்ணிக்கொண்டே இருந்தது.
ஒருநாள் எண்ணி முடித்தது.
அதனால் நீ யார் பக்கம் என்று கேட்காதீர்கள்.
அந்த எட்டுத் தடத்தைப் பார்த்ததும்
என் பெருவிரல் செருப்பைக் கவ்வியது.

கருத்துக் கேட்புக் கூட்டம்.
ஐந்து மின்விசிறியில் இரண்டு ஓடின.
தக்காளிக் கடை சந்தானலெட்சுமி கேட்டாள்,
"திங்கக்கெழம நாங்க எங்க போக?"
"கீழ்த்தளத்துல கடை வரும்மா, டெண்டர்ல."
"டெண்டருன்னா எத்தன கூடை?"
யாரோ கிரிக்கெட் என்றார்கள்,
யாரோ மஞ்சுவிரட்டு விடலாமா என்றார்கள்.
ஊருணிக்கு வரும் மழைத்தண்ணீர் இனி எப்படி வரும்
என்று கேட்ட ஆயிஷா டீச்சருக்கு
வரைபடத்தில் ஓர் அம்புக்குறி காட்டப்பட்டது.
அது நேராக
வெ.நா.சோ. கிணற்றுக்குள் போனது.

பேசுபவர் பட்டியலில் என் பெயர் இல்லை.
நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தவள்
எழுந்துவிட்டேன்.
"சாவி யார்கிட்ட இருக்கும்?"
"எந்தச் சாவி?"
"கேட்டுக்கு. காலைல நாலரைக்கு."

இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள்,
முன்வாசலுக்கு ஒரு பூட்டு, பின்வாசலுக்கு ஒரு பூட்டு,
கல்யாணம் வந்தால் இரண்டு நாள் திறப்பார்கள்.
பூட்டிய கட்டடம் எங்களுக்குப் புதிதில்லை.
பன்னிரண்டாயிரம் பேர் உட்காரும் பூட்டுதான்
இதுவரை இல்லை.

நடவடிக்கைக் குறிப்பில் இப்படி வந்தது:
'பராமரிப்பு குறித்து ஒருவர் ஐயம் எழுப்பினார்.
பின்னர் பரிசீலிக்கப்படும்.'
அந்த ஒருவர், கொப்பம்மாள்.
ஆறெழுத்துத்தான். எழுதியிருக்கலாம்.

திங்களன்று பொட்டலில்
நாங்கள் போட்ட சுண்ணாம்புக் கோடு அப்படியே இருந்தது,
தெற்கு வளைவு தொடங்கும் இடத்தில்.
சந்தானலெட்சுமி அதன்மேல் சாக்கை விரித்துத்
தக்காளியைக் கொட்டினாள்.
ஒரு பழம் மட்டும் உருண்டு
வளைவைப் பிடித்துக்கொண்டு போனது,
முதல் தடத்தில், இடதுபக்கமாக, விதிப்படி,
வெ.நா.சோ. மதிலில் முட்டும்வரை.

எடுத்துக் கொடுத்தேன்.
"எம்புட்டுத் தூரம் ஓடுச்சு?" என்றாள்.
நாடா இல்லாமலே சொன்னேன்.