கூரை பழுதான வாரம்

சுத்தியல் சத்தத்தில்
ஒன்பதாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.
பள்ளிக் கூரைமேல் நான்கு பேர்,
கீழே நாங்கள் பதினொரு பேர்,
நடுவில் ஒரு பாடம் நசுங்கிக்கொண்டிருந்தது.

"சதுப்புக்குப் போய்விடலாமா?"
கேட்டது மிர்தெல்.
ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு தன் ரப்பர் பூட்ஸைத் தேடினார்.

எஸ்தோனியாவின் மே மாதத்தில்
கோட்டைக் கழற்றியவருக்கும் கழற்றாதவருக்கும்
ஒரே தும்மல்தான்.
சதுப்பின் மேல் இரண்டு பலகை அகலப் பாதை.
கால் தொங்கப்போட்டு வரிசையாய் உட்கார்ந்தோம்.
அடியில் தேநீர் நிறத்தில் தண்ணீர்.

விதி ஒன்றே ஒன்று:
'அழகு' என்ற சொல்லுக்கு இன்று விடுமுறை.

தாவெத் உரக்கப் படித்தான்.
வகுப்பில் நாலு சுவரிலும் இடித்துத் திரும்பும் குரல்,
இங்கே போனது போனதுதான்.
முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்தில்
ஒரு கொசு வந்து உட்கார்ந்தது.
முடியலாமா கூடாதா என்று
வாக்கியம் காத்திருந்தது.
ஊதினான்.
முடிந்தது.

எழுதத் தொடங்கியதும் தூறல்.
'மரம்' என்று நான் எழுதியது
நீலக் குட்டையாகிவிட்டது.
ஹெலிஸ் தன் பென்சிலை ஒடித்துப் பாதி தந்தாள்.
பென்சிலுக்கு மழை தெரியாது.

எதிரே ஒரு பைன், என் தோள் உயரம்.
நூறு வயதாவது இருக்கும் என்றார்கள்.
"அவசரப்படாமலும் உயிரோடிருக்கலாம்"
என்று எழுதினேன்.
உபதேசம் மாதிரி இருந்தது, அடித்தேன்.
"பட்டையில் ஓர் எறும்பு இடப்பக்கமாக ஏறுகிறது."
இது இருக்கட்டும்.

எங்கோ பெருங்கொக்குகள் கத்தின.
துருப்பிடித்த கேட் என்றெழுதினாள் ஹெலிஸ்.
காலி வாளிக்குள் விழுந்த சிரிப்பு என்றான் தாவெத்.
என் அண்ணன் ட்ரம்பெட் பழகிய முதல் வாரம்
என்றேன் நான்.
எது சரி என்று சண்டை முற்றும்போது
கொக்கு மறுபடி கத்தியது.
மூன்றும் தவறு.

ராய்கோ மட்டும் எழுதவில்லை.
குப்புறப் படுத்து, முழங்கைவரை பாசிக்குள் விட்டு
எதையோ துழாவினான்.
"கீழே இன்னும் பனிக்கட்டி இருக்கு."
யார் நம்புவது?
நோட்டுகளைப் பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டு
ஒருவர்பின் ஒருவராய்க் கையை விட்டுப் பார்த்தோம்.
மேலே பஞ்சுப்புல் வெயிலில் ஆட
விரல் நுனியில் ஜனவரி.

திரும்பும்முன் பக்கங்களை வாசித்தோம்.
அந்தத் தடைபட்ட சொல்
ஆசிரியர் நோட்டில்தான் இருந்தது, இரண்டு முறை.
மிர்தெல் அபராதம் விதித்தாள்:
இரண்டு பாக்கெட் பிஸ்கட்.
ராய்கோவின் பக்கத்தில்
ஓர் ஈரக்கை பதிந்திருந்தது.
"காய்வதற்குள் படிச்சிடுங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை கூரை சரியாகிவிட்டது.
திங்கட்கிழமை வகுப்பில் அப்படியோர் அமைதி.
ஒன்பதாம் பக்கம், பத்தாம் பக்கம், பதினொன்று.
மிர்தெல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்,
எங்காவது ஓர் ஆணி
தளர்ந்திருக்கிறதா என்று.