கரித்தாள்

தார்த்து நகரம், பிப்ரவரி. சன்னலெல்லாம் பனி.
உருளையில் சுற்றிய தாளுக்கு
மண்ணெண்ணெய்ப் புகையால் மையிடுகிறாள் அலீடே.

தவளை இல்லை இப்போது.
அதன் கெண்டைக்கால் தசை மட்டும்
உப்புநீர் சொட்டச் சொட்ட, கொக்கியில்.

மின்சாரம் நரம்பைத் தொட்டதும் துள்ளுகிறது.
முள் கரியைக் கீறி
ஒரு வெள்ளைக் குன்று வரைகிறது.
இன்னொன்று. இன்னொன்று.
நூறைத் தாண்டியதும் குன்றுகள் குட்டையாகின்றன;
ஏறியது இறங்க மனமில்லாமல் இழுக்கிறது.
பிறகு வெறும் கோடு.

"செத்துவிட்டதா?" மாணவன் ஏவால்ட்.
அவள் கம்பியை நரம்பிலிருந்து எடுத்துத்
தசைமேலேயே வைக்கிறாள்.

துள்ளுகிறது.

"காதில் விழவில்லை, அவ்வளவுதான்."

தசைக்குப் பத்து நிமிடம் ஓய்வு.
அவள் அடுத்த தாளுக்கு மையிடுகிறாள்,
வலக்கை எழவில்லை என்பதால்
இடக்கையால்.