இரண்டே முக்காலுக்கு இருட்டும் ஜன்னல்

தெற்கு டகோட்டாவில்
சம்பளத்தில் மாநிலத்துக்குப் பங்கு கிடையாது.
வாஷிங்டனுக்கு உண்டு. முதுமைக்கு உண்டு, மருத்துவத்துக்கு உண்டு.
மாநில வரிக் கட்டத்தில் மட்டும்
பதினோரு வருஷமாய் நான் பூஜ்யம் அடித்துக்கொண்டிருந்தேன்.
தானியக் குதிரின் ஈரம் அளக்கும் கருவி செய்கிற கம்பெனி.
முப்பத்தெட்டுப் பேர்,
முப்பத்தெட்டு பூஜ்யம்.

ஓடெட் ஹால்வர்சன், ரேப்பிட் சிட்டி,
வீட்டிலிருந்தே வேலை.
திங்கள் இரண்டரை மணிக் கூட்டத்தில்
அவள் தலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல்.
கடிகாரத்தில் எங்களுக்கு ஒரு மணி பின்தங்கிய ஊர்.
வருஷக் கடைசியில் கூட்டம் நீண்டு
நாங்கள் விளக்குப் போட்ட பிறகும்
அங்கே கொஞ்சம் வெயில் பாக்கி இருக்கும்.

ஒரு டிசம்பரில்
இரண்டே முக்காலுக்கு அந்த ஜன்னல் இருட்டியது.

பார்த்தேன்.
மேகம் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.
அடுத்த திங்களும் மேகம்.
பிப்ரவரியில் கண்ணாடியின் பாதி வரை
பனி ஏறி நின்றது, அவள் தோளில் சாய்ந்த மாதிரி.
கோப்பில் முகவரி மாறவில்லை.
நான் பூஜ்யம் அடித்தேன்,
பதினேழு மாதம்.

பிறகு ஆகஸ்டாவிலிருந்து கடிதம்,
மேய்ன் மாநில முத்திரையோடு:
உங்கள் ஊழியர் ஒருவர் எங்கள் மண்ணில் உட்கார்ந்து
உங்களுக்கு வேலை செய்கிறார்.
பிடித்தம் ஏன் இல்லை?
கணக்கு எண் ஏன் வாங்கவில்லை?

கம்பெனி இங்கே, கம்ப்யூட்டர் இங்கே,
லாபம் இங்கே என்றார் டெல்பர்ட்.
நாற்காலி அங்கே என்றேன்.
சட்டம் நாற்காலியைத்தான் பார்க்கிறது.
"சொல்லாமல் போனது அவள். அபராதத்தை அவள் தலையில் எழுது."

போன் எடுத்ததும் மன்னிப்புக் கேட்டாள்.
எந்த ஊர் என்றேன்.
கேரிபூ. அக்கா வீட்டு மாடி. கனடாவுக்குப் பக்கம்.
நம் சர்வீஸ் வேனை ஓட்டுவது யார் என்று தெரியுமில்லையா என்றாள்.
தெரியும். ரஸ் ஹால்வர்சன்.
ஊழியர் முகவரிப் பட்டியல்
யார் தட்டினாலும் திறக்கும், அதுவும் தெரியும்.
"வரியை ஏமாற்றவில்லை.
ஏப்ரலில் ரிட்டர்னில் உண்மையைத்தான் எழுதினேன்.
மேய்னுக்கு நான் இருக்குமிடம் தெரியட்டும்,
கம்பெனிக்குத்தான் தெரியக்கூடாது."

மொத்தமாய்க் கேட்டிருக்கிறார்கள். கையில் அவ்வளவு இல்லை.
மாதாமாதம் கழிந்திருந்தால் வலித்திருக்காது என்றேன்,
எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற வாக்கியம்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"பதினாலு வருஷம் அப்படித்தான் கழிந்தது" என்றாள்.

பிடித்தம் என்கிற சொல்லை அதற்குப் பிறகு
ஒரு வாரம் என்னால் சாதாரணமாய் எழுத முடியவில்லை.

மேய்னில் பதிவு செய்தேன், கணக்கு எண் வந்தது.
பழைய பாக்கிக்கு அவள் தவணை வாங்கிக்கொண்டாள்.
கம்பெனி அபராதம் கம்பெனிக்கே;
டெல்பர்ட் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
முகவரிப் பட்டியலைப் பூட்டினேன்,
சாவி எனக்கு மட்டும்.
புதுப் படிவத்தில் அவள் மிஷோ என்று கையெழுத்திட்டிருந்தாள்,
அப்பா வீட்டுப் பெயர்.
முதல் முறையாக அந்தக் கட்டத்தில் ஓர் எண் அடித்தேன்:
நூற்றுப் பன்னிரண்டு டாலர் நாற்பது சென்ட்.
அழகாகக்கூட இருந்தது.

நவம்பரில் டெல்பர்ட் அறிவித்தார்:
இனி வேன் ஓட்டுகிறவர்களும் திங்கள் கூட்டத்துக்கு வரவேண்டும்.

ரஸ் ஒரு சதுரத்தில்,
அவள் ஒரு சதுரத்தில்,
இரண்டே முக்கால்.
அவனுக்கும் கண் இருக்கிறது.
பட்டியலைப் பூட்டினேன், சூரியனை எப்படிப் பூட்டுவேன்.

கூட்டத்தைக் காலை பத்துக்கு மாற்றலாமா என்று எழுதினேன்.
பத்துக்கு எல்லா ஜன்னலும் வெளிச்சம்தான்.
காரணம் கேட்டார்.
மத்தியானம் சாப்பிட்ட பிறகு
எனக்குத் தூக்கம் வருகிறது என்றேன்.