உடைசல் கணக்கு

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பதின்மூன்று.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி, உள்ளே பதினெட்டு.
"சாக்லேட்டுக்குத்தான் ஏசி,
நாமெல்லாம் கூட வந்த விருந்தாளி"
என்பான் பேக்கிங் தெய்வசிகாமணி.

முதலாளி ஸினாயிதா பாவ்லோவ்னா.
பெயரைத் தடுக்காமல் சொல்ல
எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

தொண்ணூற்று மூன்றில்
காலிச் சாக்குகளோடு வந்திறங்கியவள்.
தேராவில் டிவிப் பெட்டி, தோல் சட்டை வாங்கிப்போய்
வோல்கா கரையில் விற்றவள்.
ஏழாவது நடையில்
பேரீச்சம்பழம் ஒன்றைக் கடித்து
கொட்டையைக் கையில் வைத்தபடி
வெகுநேரம் நின்றாளாம்,
கொட்டை இருந்த இடம் சும்மா கிடக்கிறதே என்று.

சர்க்கரைக்குக் கூப்பன் இருந்த நாளில்
அவள் அம்மா டின்பாலை டின்னோடு வேகவைப்பாள்.
ஒருமுறை வெடித்துக் கூரையில் அப்பிக்கொண்டது.
நாற்காலி மேல் நாற்காலி போட்டு
சுரண்டித் தின்றார்கள்.
அந்தக் கூரையைத்தான்
பேரீச்சைக்குள் வைத்து விற்றாள்.

பத்தொன்பது வருஷம் நான் கணக்கு எழுதினேன்.
அவள் எனக்கிட்ட ஒரே ரகசிய உத்தரவு:
"உடைசல் என்று போடு."

பெங்காலி டிரைவருக்கு டயாலிஸிஸ்:
உடைசல், அறுபது பெட்டி.
செக் திரும்பி ஜெயிலுக்குப் போன
பெஷாவர்க்காரனின் கடன்:
உடைசல், இருநூறு.
சாரத்திலிருந்து விழுந்த பையன்,
எங்கள் ஆள்கூட இல்லை, பக்கத்துக் கட்டடம்;
திருச்சிக்கு அனுப்ப விமானச் சரக்குக் கூலி:
உடைசல்...
அங்கே மட்டும் பேனா நின்றது.
நிமிர்ந்து பார்த்தாள்.
"எழுது. உடைந்ததுதானே."

தேவதை என்று நினைத்துவிடாதீர்கள்.
மூன்று நிமிஷம் பிந்தினால் அரைநாள் சம்பளம் போச்சு.
எனக்கு ஏழு வருஷம் சம்பளம் ஏறவில்லை.
கேட்டதற்கு ஒரு டப்பா மிட்டாய் தந்தாள்,
அதையும் என் பேரில் பற்று எழுதச் சொன்னாள்.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார்:
"ஏழு சதவீதமா? எந்தக் கம்பெனியில்
இவ்வளவு உடையும்?"
அவள் ரஷ்யனில் ஏதோ முணுமுணுத்தாள்.
எனக்கு அந்தப் பாஷை தெரியாது.
மொழிபெயர்த்துச் சொன்னேன்:
"வெயில் சார்."

போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள்.
புது நிர்வாகம் வந்தது.
உடைசல் இந்த வருஷம் அரை சதவீதம்.
மீட்டிங்கில் கைதட்டி
எனக்கொரு கேடயம் கொடுத்தார்கள்,
கண்ணாடியில் செய்தது.

மேசையின் விளிம்பில் வைத்திருக்கிறேன்.