ஒட்டு

பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
வினிபெக்கில் பேருந்துகள் விடும் மூச்சு
விட்ட இடத்திலேயே வெள்ளையாகத் தொங்குகிறது.
நான் ஒரு விளக்குக்குச் சூடு தாங்கவில்லை என்று
விசிறி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எதிர்வீட்டு லுபோமிர் சாவி தந்துவிட்டுப் போய் ஒன்பது நாள்.
நெஞ்சைத் திறந்து தைத்திருக்கிறார்கள்.
போகும்போது தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
“கோமாளி மீனுக்கு ஒரு சிட்டிகை, ஒடெட்.
பவளத்துக்கு எட்டு மணி நேர வெளிச்சம்.
விசிறிச் சத்தம் கேட்கிறதா, அதை மட்டும் பார்.”

கேட்கவில்லை.
விளக்கு இருபது நிமிடம் நீலமாக எரிகிறது,
பிறகு பட்டென்று அணைகிறது.
தொட்டேன். விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.
ஆறினால் மறுபடி எரியும், மறுபடி அணையும்.
பவளங்கள் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டன,
கடன்காரன் குரல் கேட்ட வீடு மாதிரி.

பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடமாக
மின்வேலை பார்ப்பவள் நான்.
ஓடாத விசிறி எனக்கொன்றும் புதிதல்ல.
மூடியைக் கழற்றினால் உள்ளே உப்புப் பூத்திருக்கிறது.
எந்தப் பக்கம் நடந்தாலும் கோதுமை வயல்தான் இந்த ஊரில்,
ஆனாலும் திருகாணித் தலையில் கடல்.
பழைய பல்துலக்கி, வெந்நீர், கொஞ்சம் வசவு.
இதழை விரலால் சுண்டினேன்:
தடையில்லாமல் சுற்றி நின்றது.
மற்றதும் அப்படியே.

கூரையில் இருந்த புகை எச்சரிப்பானின்
ஒன்பது வோல்ட் பேட்டரியை உருவினேன்
(தீப்பிடித்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்).
சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு.
கொஞ்சம் சோம்பலாக, ஆனால் இரண்டும் ஓடின.
அப்படியானால் குற்றவாளி இவை அல்ல.
பலகையில் மீட்டரை வைத்தேன். பூஜ்ஜியம்.
பலகை போய்விட்டது, புதிது வர மூன்று வாரம்,
அதற்குள் இந்தப் பவளங்கள்
என்று மனதுக்குள் துக்கம் விசாரித்து முடித்தபோதுதான்

மயிரிழைக் கம்பி இரண்டின் நுனியில்
கடுகளவு கறுப்பு மணி ஒன்று
எதிலும் ஒட்டாமல் தொங்குவதைப் பார்த்தேன்.

அலுமினியத்தின் முதுகில் ஒட்டியிருக்க வேண்டியது.
பசை உலர்ந்து, பிடி விட்டு, அந்தரத்தில் ஆடிக்கொண்டு
“குளுமையாகத்தான் இருக்கிறது, ஒன்றுமில்லை” என்று
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
பலகையும் நம்பியிருக்கிறது.
பாவம், கேட்க அதற்கு வேறு யார்?

விரல்களுக்கிடையில் பிடித்தேன். அசைவில்லை.
என் விரல்கள் இன்னும் தெருவில்தான் இருந்தன.
உதட்டருகே கொண்டுபோய்,
கையுறை தொலைத்த பிள்ளையின் கைக்கு ஊதுவதுபோல,
ஹா என்றேன்.
இடது விசிறி திடுக்கிட்டது.
இன்னொரு ஹா.
வலதும்.
ஆளில்லாத வீட்டில் தனியாக நின்று
ஒரு கடுகுக்கு ஊதிக்கொண்டிருந்தேன்,
தேவைக்கும் அதிகமாகவே.

சாயங்காலம் மருத்துவமனையில் சொன்னேன்:
“விசிறியும் இல்லை, பலகையும் இல்லை. வெறும் பசை.”
லுபோமிர் சிரிக்கப் பார்த்தார்; தையல் பிடித்தது.
தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதில்
அங்கே ஒட்டியிருந்த வில்லை ஒன்று கழன்றது.
மணி அலறியது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.
“ஒட்டு விட்டுப்போச்சு, அவ்வளவுதான்,”
அழுத்தி ஒட்டிவிட்டுப் போனாள் ஃப்ளோரிதா.

ஒன்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் முந்திக்கொண்டார்:
“இடது பக்கம் கொஞ்சம் கிறீச்சிடுமே?”
“கிறீச்சிடுகிறது.”
“ம்,” என்று கண்ணை மூடிக்கொண்டார்,
பக்கத்து அறையில் அது ஓடுவதுபோல.

பேருந்தில் பாதி வழி வந்தபின்தான் பார்த்தேன்,
புகை எச்சரிப்பானின் பேட்டரி
என் கோட்டுப் பையில்.