மூடியில்லாத டிபன்

பணகுடியில் ஆனிக் காற்றுகூட
தாழ்ப்பாளை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான்
கதவை அறையும்.
முப்பிடாதி அப்படியில்லை என்று நினைத்திருந்தேன்.

வந்து நாற்பது நாள்.
ஆறு தட்டு, ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி,
புஷ்பகனியின் மணிக்கட்டில் பல்வரிசை.
தலையணை உறைக்குள் இட்லி,
புளித்து, எறும்பேறி.
எடுக்கப் போனேன். கத்தினாள்,
பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும்.
"ரெண்டு சாத்துனா எல்லாம் சரியாப் போவும் வேய்,"
என்றார் எதிர்வீட்டு ஞானமுத்து.

பாளையங்கோட்டையில் ஒருநாள் வகுப்பு,
பிறத்தியார் பிள்ளையை வளர்க்க எடுத்தவர்களுக்கு.
ஃபேன் ஓடாத அறை. ஆறிய வடை.
அந்த மேடம் சொன்னதில் ஒன்றுதான் மனதில் நின்றது:
உடைத்ததை எழுதாதீர்கள்,
உடைப்பதற்கு முன்னால் நடந்ததை எழுதுங்கள்.

பதினாலு வருசம் காற்றாலையில் ஸ்பேனர் பிடித்தவன்,
லாக் புக் எனக்குப் பழக்கம்.
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்:
செவ்வாய், எட்டே கால். தட்டு. முன்னால்: பையை எடுத்தேன்.
வியாழன், எட்டு பத்து. கடி. முன்னால்: பை.
ஞாயிறு ஒன்றுமில்லை. எனக்கு லீவு.

பை.
மூன்று வீட்டிலிருந்து அவளைக் கூட்டிப் போனபோதும்
முதலில் எடுத்தது பையைத்தானாம்.
கோப்பில் இது இல்லை.
புஷ்பகனி பேன் பார்க்கையில்
சீப்பிடம் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறாள்.

காற்று மிஞ்சினால் இறக்கையை யாரும்
கையால் பிடிப்பதில்லை,
விளிம்பைத் திருப்பிக் கொடுப்போம், கடந்து போகட்டும் என்று.
தொண்ணூறு மீட்டர் உயரத்தில் இது எனக்குத் தெரியும்.
வீட்டில்தான் மறந்துபோகிறது.
போன புதன் கை ஓங்கிவிட்டேன்.
ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
பரணில் எதையோ தேடினேன்.

இப்போது அவள் கண்முன்தான் பையை அடுக்குகிறேன்:
ஸ்பேனர், டார்ச், டிபன்.
மூடியை மட்டும் அவளிடம் கொடுக்கிறேன்.
"ஏட்டி, காலைல ஆறரைக்கு இது எனக்கு வேணும்."
முதல் மூடி கிணற்றுக்குள் போனது.
இரண்டாவது நசுங்கி வந்தது.
மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, இருந்தது.

தலையணைக்குள் இட்லி இன்னும் உண்டு.
டப்பா கொடுத்திருக்கிறோம். எறும்பேறாது.

இன்று வள்ளியூர் பஸ் பஞ்சர்.
வாசலில் நின்றாள். "இருவது நிமிசம்," என்றாள்,
மூடியை என் நெஞ்சில் எறிந்தாள்.
நன்றாகவே வலித்தது.

சனி, ஆறு ஐம்பது. மூடி.
முன்னால்: நான் தாமதம்.